சோம்பல் எனப்பட்ட நோய்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பொழுது கதிரவனைக் கண்டு விடிந்ததில்லை. பெரட்டுக் களத்தின் மணியோசையைக் கேட்டே விடிந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓரங்களிலும் லயங்களில் வாழ்ந்த தமிழர், இருள் பிரியுமுன் எழுந்து, கோப்பி குடித்து, கத்தியும் வாளியுமாகப் பெரட்டில் நின்றனர். இதற்குக் காரணம் பால்மரத்தின் இயல்பே. வெயில் ஏறுமுன் மரப்பட்டையின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்நேரத்து வெட்டில்தான் பால் நன்கு வடியும். மரத்தின் நேரத்துக்கு மனிதனின் உறக்கம் அடங்கிப் போக வேண்டியதாயிற்று.

அவ்வுலகில் எழ முடியாதவர்க்கு இருந்த பெயர் ஒன்றே: சோம்பேறி. பெரட்டுக்கு வராதவர்க்கு அன்றைய கூலி இல்லை. கங்காணியின் ஏச்சு உண்டு. வீட்டிலும் நிம்மதி இல்லை. ஆயினும், இரவெல்லாம் உறங்கியும் உறக்கம் தீராமல், நிரையில் நின்றபடியே கண் சொருகியவர் அனைவரும் சோம்பேறிகள்தாமா? அவருள் சிலர் நோயாளிகளாய் இருந்திருக்கலாம் என்று எண்ணுவதற்கு மருத்துவ வரலாறு இடமளிக்கிறது.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி போல் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. உடலின் உறுப்புகள் எவ்வளவு விரைவாக இயங்க வேண்டும் என்பதை அதன் சுரப்பே பெரிதும் வரையறுக்கிறது. அது குன்றினால் உடல் திரி தணிந்த விளக்குப் போலாகும். குளிர் தாங்காது, முகம் உப்பும், குரல் கம்மும், நினைவு மங்கும், பகலெல்லாம் தூக்கம் அழுத்தும். நாவும் தொண்டையும் தடித்து இரவில் மூச்சு இடையிடையே தடைப்படுமாயின், நீண்ட உறக்கமும் களைப்பை ஆற்றாது. சுரப்பு மிகுந்தாலோ நிலைமை நேர்மாறு: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இரவில் கண் மூடாது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே பன்மடங்கு பற்றுகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தலைகாட்டுவதும் உண்டு. லயத்தில் அனைவர்க்கும் முன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியிருந்த பெண்ணுக்கு இது எத்துணைப் பெரிய சோதனை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அக்கால மருத்துவத்தின் கவனமோ வேறு நோய்களின்மேல் இருந்தது. 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன், தேங்கிய நீரை வடியச் செய்து மலேரியாவை ஒடுக்க முற்பட்டார். 1907-இல் பிராடன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைத் தீட்டிய பச்சரிசியோடு தொடர்புபடுத்தி நூல் எழுதினார். புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாயிருந்தமை அவருக்குச் சான்றாயிற்று. இவையெல்லாம் தொழிலாளரைப் பெருமளவில் சாய்க்க வல்ல நோய்கள். ஆள் குறைந்தால் பால் குறையும் என்பதால் துரைமாரும் அவற்றைக் கவனித்தனர். ஆளை விரைந்து கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மங்கச் செய்யும் நோய் கணக்கேட்டில் ஏறுவது அரிது. வெட்டிய பாலை நாள்தோறும் நிறுத்த தோட்டம், வெட்டியவரின் களைப்பை நிறுத்துப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும், பிராடன் பெரிபெரியைப் பற்றி நூல் எழுதுமுன்பே தைராய்டுக் குறைவுக்கு மருந்து காணப்பட்டிருந்தது. 1873-இல் லண்டனில் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடம் இந்நோயின் தோற்றத்தை விவரித்தார். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்ணொருத்திக்கு ஊசிவழிச் செலுத்தினார். சாவை எதிர்நோக்கியிருந்த அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-இல் மறைந்தார். அவர் வாழ்வுக்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டன. 1914 டிசம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் அச்சுரப்பின் சாரமான தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதனை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினர். 1950-ஐ ஒட்டி, அது மாத்திரையாக விற்பனைக்கு வந்தது.

மருந்து கிடைத்தபின் எழுந்த வினா, எவ்வளவு கொடுப்பது என்பதாகும். உலர்த்திய சுரப்பி மாத்திரைகளின் வலிமை ஒன்றுக்கொன்று மாறுபட்டது. நாடித்துடிப்பும் உடல் பயன்படுத்தும் உயிர்வளியின் அளவுமே மருத்துவருக்கு வழிகாட்டிகளாய் இருந்தன. இரத்தத்திலுள்ள நுண்ணிய சுரப்புகளையும் அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் வகுத்தனர். அதற்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் சுரப்பை 1960-களின் நடுவிலிருந்து அம்முறையால் அளக்க முடிந்தது. அப்போதுதான், அதுவரை பலர்க்கும் தேவைக்கு மிஞ்சிய மருந்து கொடுக்கப்பட்டு வந்தது தெரிந்தது. நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை வழங்கப்பட்ட தைராக்சின், பெரும்பாலோர்க்கு 100 முதல் 150 வரையே போதுமென உணரப்பட்டது. மிகையான மருந்தால் தூங்கி வழிந்த நிலை நீங்கியவர்க்கு, தூங்க முடியாத நிலை வந்து சேர்ந்தது. முன்னது சோம்பல் எனப்பட்டது போலவே, பின்னது மனக்கவலை எனப்பட்டது.

இம்மாத்திரை கோப்பியைப் போல் உட்கொண்ட உடனே விழிப்பூட்டும் பொருளன்று. உடலில் சேர்ந்த தைராக்சினில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகவே ஓரிரவு உறக்கம் கெட்டால் அன்றைய மாத்திரையைக் குறை கூறுவது பொருந்தாது. உறக்கமின்மை படபடப்போடு தொடருமாயின், பல வாரங்களாக உண்ட அளவு மிகையா என்று இரத்தச் சோதனையால் அறிதல் வேண்டும். அளவை மாற்றியபின் ஆறு வாரமேனும் கழித்துச் சோதிப்பது வழக்கம். தானாகவே மாத்திரையை நிறுத்துவோர் மீண்டும் பழைய மந்தத்துக்கே திரும்புவர். 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 90 பேர் மாத்திரையைக் காலையிலும் இரவிலும் மாற்றி மாற்றி உண்டனர். படுக்கைக்குச் செல்லும் வேளையில் உண்டபோது மருந்து நன்கு உடலில் சேர்ந்தது. அவர்தம் நல்வாழ்வு குன்றவுமில்லை. அளவு சரியாயிருப்பின், இரவில் உண்பதாலேயே உறக்கம் ஓடிவிடும் என அஞ்ச வேண்டியதில்லை.

மலேசிய நாடும் படிப்படியாக இச்சுரப்பியின்பால் கவனம் செலுத்தியது. அயோடின் குறைவால் கழுத்துக்கழலை கண்ட உள்நாட்டு மக்களுள் பேராக்கின் பழங்குடியினரும் அடங்குவர். 1982-இல் சரவாக்கில் அயோடின் கலந்த உப்புக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-இல் அது நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. பிறந்த குழந்தைகளிடம் தைராய்டுக் குறைவைக் கண்டறியும் தேசியத் திட்டம் 1998-இல் தொடங்கியது. ஆனால் உப்பால் மட்டும் தீராத வகையும் உண்டு. உடலின் காப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நோயை ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்தார். அதனால் சுரப்பு குன்றியோர்க்கு மாத்திரை பெரும்பாலும் வாழ்நாள் துணையாகிறது.

தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல ஈப்போவிலும் அதனைச் சார்ந்த புந்தோங்கிலும் குடியேறின. தைராக்சினைக் காலையில் உண்போர் வெறும் வயிற்றில் நீரோடு விழுங்கி, அரைமணி நேரமேனும் கழித்தே கோப்பி குடித்தல் வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. பெரட்டு மணிக்கு எழுந்து பழகிய முதியோர்க்கு அவ்விடியல் வேளை புதிதன்று. ஆனால் ஒருவர் எழாமைக்கும் உறங்காமைக்கும் தைராய்டு காரணமா என்று அறிய இன்று சிறிதளவு இரத்தம் போதும். அச்சோதனைக்கு முன் எவரையும் சோம்பேறி என்பது, கங்காணியின் ஏச்சை வீட்டுக்குள் தொடர்வதாகவே முடியும்.