உணவுக் கழிவும் நுண்ணுயிர் எரிபொருள் கலமும்

பாக்டீரியாக்கள் உணவைச் சிதைக்கும்போது வெளியேறும் எலக்ட்ரான்களைப் பிடித்து மின்னோட்டமாக மாற்றும் கருவிதான் நுண்ணுயிர் எரிபொருள் கலம். இதில் நெருப்பும் இல்லை, சுழலும் விசையாழியும் இல்லை. மீந்த சோறு, பழத்தோல், சந்தையில் அழுகிய காய்கறி, அரிசி கழுவிய நீர் என்று நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய எல்லாமே இதற்கு எரிபொருள்.

இந்த எரிபொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. உணவுக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்; முக்கால் பங்குக்கு மேலும்கூட இருக்கும். அதனால் எரிஉலையில் போட்டால் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிடுகிறது. குப்பைமேட்டில் கொட்டினால் காற்றில்லாத அடுக்குகளில் மட்கி மீத்தேனை வெளிவிடுகிறது. எரிஉலைக்குச் சுமையாகும் இந்த ஈரம் நுண்ணுயிர் கலத்துக்கோ கட்டாயத் தேவை.

கலத்தின் அமைப்பு எளியது. காற்றுப் புகாத அறைக்குள் ஆனோடு இருக்கும். பெரும்பாலும் கார்பன் துணி அல்லது கிராஃபைட் இழைகளால் ஆனது. அதன்மேல் பாக்டீரியாக்கள் படலமாக வளர்கின்றன. ஆக்சிஜன் கிடைக்காத நிலையில், தின்ற உணவின் எலக்ட்ரான்களை அவை ஆனோடிடம் ஒப்படைக்கின்றன. எலக்ட்ரான்கள் கம்பி வழியே கேத்தோடைச் சென்றடைய, புரோட்டான்கள் கரைசல் வழியே அங்கு வந்து சேர்கின்றன. கேத்தோடில் காற்றின் ஆக்சிஜன் இரண்டையும் ஏற்றுத் தண்ணீராகிறது. ஓர் அசிட்டேட் மூலக்கூறு முழுவதும் சிதைந்தால் 8 எலக்ட்ரான்கள் கிடைக்கும். கோட்பாட்டளவில் மின்னழுத்தம் 1.1 வோல்ட், வேலை செய்யும்போது கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு.

இந்த எண்ணம் நூறாண்டு பழையது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம்.சி. பாட்டர், ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் பிளாட்டினத் தகடுகளுடன் இணைத்து மின்னழுத்தம் பிறப்பதை 1911இல் காட்டினார். 1931இல் பார்னெட் கோஹன் பல கலங்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டைத் தாண்டினார். மின்னோட்டமோ 2 மில்லி ஆம்பியர்தான். பின்னர் பல பத்தாண்டுகளுக்கு, பாக்டீரியாவிடமிருந்து எலக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்க்கச் சாயப் பொருள்களைக் கரைசலில் கலக்க வேண்டியிருந்தது. அவற்றில் பல நச்சுத்தன்மை கொண்டவை என்பதால் ஆய்வு ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

திருப்பம் 1999இல் வந்தது. கொரியாவின் பியுங் ஹாங் கிம் குழுவினர், ஷீவனெல்லா என்ற பாக்டீரியா எந்தச் சாயமும் இல்லாமல் தானே மின்வாய்க்கு எலக்ட்ரானைக் கொடுப்பதைக் கண்டனர். அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி 1987இல் பிரித்தெடுத்த ஜியோபாக்டர் இனமும் இதே ஆற்றல் கொண்டது. சேற்றில் அது இரும்பு ஆக்சைடுக்கு எலக்ட்ரானைத் தந்து உயிர் வாழ்கிறது. கலத்தில் அந்த இடத்தைக் கார்பன் பிடித்துக்கொள்கிறது. ஜியோபாக்டரின் உடலிலிருந்து நீளும் நுண்ணிழைகளுள் சில, இரும்பு அடங்கிய ஹீம் மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த புரதக் கம்பிகள் என்று 2019இல் தெரியவந்தது. மின்கம்பியை மனிதன் உருவாக்குவதற்கு நெடுங்காலம் முன்பே ஆற்றுச் சேற்றில் அது இருந்திருக்கிறது என்பது இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு.

ஆனால் ஜியோபாக்டரின் முன் சாம்பார் சாதத்தை வைத்தால் அதனால் தின்ன முடியாது. அதற்கு அசிட்டேட் போன்ற எளிய அமிலங்கள் வேண்டும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, செல்லுலோஸ் ஆகியவற்றை முதலில் வேறு பாக்டீரியாக்கள் உடைக்க வேண்டும். இட்லி மாவு புளிப்பதைப்போல அமிலங்கள் உருவாக வேண்டும். பிறகுதான் மின்சாரம். உணவுக் கழிவுக் கலங்களின் வேகம் பெரும்பாலும் இந்த முதல் கட்டத்தில்தான் தேங்குகிறது. கழிவை அதிகமாகக் கொட்டினால் அமிலம் பெருகி ஆனோடுப் படலமே செயலிழக்கும். எண்ணெய் மின்வாயின்மேல் பூச்சாகப் படியும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதே அசிட்டேட்டுக்குப் போட்டியிடும். சமையல் உப்பு மட்டும் அளவோடு இருந்தால் கரைசலின் மின்கடத்துதிறனைக் கூட்டி உதவுகிறது. ஆகவே கழிவை அரைத்து, தனித் தொட்டியில் புளிக்கவைத்து, தெளிந்த நீரைக் கலத்துக்குள் விடுவதே நல்ல வழி. ஹைதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் எஸ். வெங்கட மோகன் குழுவினர், காய்கறிக் கழிவையும் உணவகக் கலப்புக் கழிவையும் ஒற்றை அறைக் கலங்களில் ஆராய்ந்து இத்துறையில் இந்தியாவுக்கு இடம் தேடித் தந்தவர்கள்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஈரக் கழிவில் 200 கிராம் திடப்பொருள் என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் சிதைய ஏறத்தாழ 240 கிராம் ஆக்சிஜன் தேவை. 8 கிராம் ஆக்சிஜனுக்கு ஒரு மோல் எலக்ட்ரான் வீதம் 30 மோல் எலக்ட்ரான்கள். 0.4 வோல்ட்டில் ஒன்றுவிடாமல் பிடித்தால் 0.32 யூனிட், கால் பங்குதான் பிடிபடுகிறது என்றால் 0.08 யூனிட். 10 வாட் எல்இடி விளக்கு 8 மணி நேரம் எரியும். அதே கழிவைச் சாண எரிவாயுக் கலன் போன்ற உயிர்வாயு அமைப்பில் போட்டு, வரும் மீத்தேனை இன்ஜினில் எரித்தால் சுமார் 0.2 யூனிட் கிடைக்கும். மின் உற்பத்தி மட்டுமே குறிக்கோள் என்றால் இன்றைய நிலையில் உயிர்வாயுதான் வெல்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை.

பெரிதாக்குவதும் கடினம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், யட்டாலா பீர் ஆலையின் கழிவுநீரைக்கொண்டு 2007இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள கலத்தை அமைத்தனர். கழிவுநீரின் குறைந்த மின்கடத்துதிறனும் கேத்தோடில் படிந்த நுண்ணுயிர்த் திரளும் அதன் திறனைக் கெடுத்தன. பல கலங்களைத் தொடராக இணைத்தால், பலவீனமான ஒரு கலத்தின் மின்முனைகள் தலைகீழாகி மொத்த வரிசையையும் கீழே இழுத்துவிடுகின்றன. கேத்தோடில் பூசும் பிளாட்டின வினையூக்கியும் புரோட்டான்களைக் கடத்தும் சவ்வும் விலை மிகுந்தவை. செயலூட்டிய கரியைக் கேத்தோடாக்கிச் செலவைக் குறைக்கும் முயற்சி ஓரளவு பலித்திருக்கிறது.

இக்கருவியை மின்நிலையத்தின் போட்டியாளராக நிறுத்துவதே தவறு. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் ரோபோவியல் ஆய்வகத்தில் உருவான ஈகோபாட்-2, செத்த ஈக்களையும் அழுகிய பழத்தையும் செரித்த மின்சாரத்தில் நகர்ந்து, வெப்பநிலையை அளந்து வானொலி வழியே அனுப்பியது. அந்தக் குழுவே பின்னர் சிறுநீரில் இயங்கும் கலங்களால் உகாண்டாவின் கிசோரோவில் ஒரு பள்ளிக் கழிப்பறைக்கு விளக்கேற்றியது. கொரியக் குழுவின் கலம் கழிவுநீரின் மாசளவைக் காட்டும் உணரியாக 5 ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது: மாசு கூடக்கூட மின்னோட்டமும் கூடும்.

உணவுக் கழிவைப் பொறுத்தவரை, உயிர்வாயுக் கலனிலிருந்து வெளியேறும் நீரே இதற்குப் பொருத்தமான தீனி. அந்நீரைச் சுத்திகரிக்க வழக்கமான நிலையங்கள் பம்ப் வைத்துக் காற்றூதுகின்றன. செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. காற்று தானாக ஊடுருவும் கேத்தோடு உள்ள கலத்துக்கு அந்த ஊதலே வேண்டாம். வெளியேறும் கசடும் குறைவு.