தோட்ட முதலாளித்துவமும் கிறிஸ்தவ அறநெறியும் (ஊவா)

முதலாளித்துவம் கிறிஸ்தவ அறத்தோடு ஒத்துப்போகுமா என்ற கேள்வி, இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன் அறைகளிலிருந்தே எழுந்தது. 1854இல் சர்ச் மிஷன் சங்கம் தோட்டத் தமிழரிடையே தொடங்கிய ஊழியத்துக்குத் தோட்டங்களை நடத்திய துரைமாரே பணம் கொடுத்தார்கள். கூலியைத் தீர்மானித்தவரும் உபதேசியாருக்குச் சம்பளம் தந்தவரும் ஒருவரே ஆனபோது, கூலியைப் பற்றிய பிரசங்கம் எளிதாக இருந்திருக்காது.

1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் தனிச்சொத்தை ஏற்றது, சோசலிசத்தை மறுத்தது. ஆனால் தொழிலாளி சம்மதித்தான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது, அது அவன் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றது. தோட்டக் கூலி ஒப்பந்தங்களை அளக்க இதைவிடக் கூர்மையான அளவுகோல் இல்லை.

கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல், தோட்டங்கள் நிறைந்த ஊவாவுக்கான புதிய பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அதே ஆண்டு இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்தியோதய’வைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தார்.

தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. லயன் வாழ்க்கை தொடர்ந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆனால் சொந்த நிலமற்ற மக்களுக்குப் போக இடமிருக்கவில்லை. உழைப்பவருக்குப் பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடுகூடத் தராத இந்தத் தோட்ட முறை கிறிஸ்தவ அறத்துக்கு முரணானது.