மொய் நோட்டில் ஒரு ஜெர்மன் பெயர்

கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் ஒரு வெள்ளைக்காரர் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர் எதை எதில் பிசைகிறார் என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவது இப்போது பெரிய அதிசயமில்லை. அவர் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் சொந்தமில்லை. பெண்ணின் அப்பாவுக்குச் சிநேகிதர்.

இந்தச் சிநேகிதத்தைக் கொண்டுவந்தது தோல். பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதைக் குறைக்க வேண்டும் என்று 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அரசும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. அதன்பின் எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகள் பினிஷ்டு லெதர், ஷூ அப்பர், முழு ஷூ என்று படிப்படியாக ஏற வேண்டியதாயிற்று. அதற்கான மெஷின்களிலும் கெமிக்கல்களிலும் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அவற்றோடு ஆட்களும் வந்தார்கள். டிரம்முக்குள் சாயம் சரியாக ஏறுகிறதா என்று ராத்திரி ஷிப்டில் ஒன்றாக நின்று பார்த்தவர்களுக்குள் ஏற்படும் பழக்கம், ஆர்டர் முடிந்ததும் முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகளின் படங்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் வருகிறது.

அப்படிப்பட்ட இரண்டு கல்யாணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதலாவது கலவையில், டையிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருவரின் மகளுக்கு. ஜெர்மன் நண்பர் வருகிறார். இரண்டாவது ஜெர்மனியில், அந்த நண்பரின் மகனுக்கு. கலவைக்காரர் போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையாக இதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் தேதி. எங்கள் ஊரில் கல்யாணம் நிச்சயமாவதற்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே இரண்டு மாதம் கிடைத்தாலே பெரிது. பையன் வீட்டார் ‘வர்ற ஆவணியிலயே முடிச்சிடலாம்’ என்பார்கள். மண்டபம் எந்த நாள் கிடைக்கிறதோ அதற்குள் நல்ல நேரம் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலோ ஒரு வருடத்துக்கு முன்பே நாளைச் சொல்லி, அந்த நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தகவல் அனுப்பிவிடுகிறார்கள். சட்டப்படியான கல்யாணம் அங்கே பதிவு அலுவலகத்தில் நடக்கிறது. அதற்கு முன்பதிவு செய்தால் ஆறு மாதம் வரை செல்லும். வேறொரு நாட்டிலிருந்து விருந்தினர் வரப் போதுமான அவகாசம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டால், கலவைக்காரருக்குத்தான் என்று யாரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

ஜெர்மன் நண்பர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி இந்திய அரசின் இணையதளத்தில் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். சுற்றுலா இ-விசா எதற்கெல்லாம் கிடைக்கும் என்ற பட்டியலில் நண்பர்களையும் உறவினர்களையும் பார்க்க வருவது வெளிப்படையாகவே இருக்கிறது. 30 நாள் விசாவுக்குப் பருவத்தைப் பொறுத்து 10 டாலரோ 25 டாலரோ கட்டணம். பயணத்துக்கு நான்கு நாள் முன்பு விண்ணப்பித்தாலும் போதும். அவருடைய சம்பளச் சீட்டை நம் அரசு கேட்பதில்லை. திரும்பிப் போவீர்களா என்று சந்தேகப்படுவதில்லை. அவரை வீட்டில் தங்க வைக்கும் கலவைக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்கு இணையவழியாகத் தெரிவிக்க வேண்டும். நம் பக்கத்துக் கட்டுப்பாடு இவ்வளவுதான்.

கலவைக்காரருக்கு வேலை பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குகிறது. அது இப்போது சிரமமில்லை. வேலூரிலேயே அஞ்சலக பாஸ்போர்ட் மையம் இருக்கிறது, கலவை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். சிரமம் அதற்குப் பிறகுதான். ஜெர்மனிக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, நம் காசில் 9,000 ரூபாய்க்கு மேல். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். கைரேகை வைக்கச் சென்னைக்குப் போக வேண்டும், அதற்கும் முன்பதிவு கிடைக்க வேண்டும். வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, கம்பெனியின் விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு.

விண்ணப்பப் படிவத்தில் பயணத்தின் நோக்கமாக உறவினரையோ நண்பரையோ பார்ப்பது என்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டம் இருந்தாலும் நட்பை நிரூபிக்கும் காகிதம் எது? அத்தை மகன் என்றால் பிறப்புச் சான்றிதழ்களைக் கோத்து ஒரு வழியாகக் காட்டலாம். இருபது வருடச் சிநேகிதத்துக்குச் சான்றிதழ் கிடையாது. அந்த இடத்தில் ஜெர்மன் சட்டம் நண்பரின் பணத்தை வைக்கிறது. நண்பர் தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய், சம்பளக் கணக்கைக் காட்டி, 29 யூரோ கட்டி, இவர் தங்கும் காலத்தில் சாப்பாடு, வைத்தியம், தேவைப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். இதைச் செய்யத் துணிகிறவரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டில் கலவைக்காரர் விருந்தாளி என்ற இடத்திலிருந்து, யாரோ ஜாமீன் போட்டு அழைத்து வரும் ஆள் என்ற இடத்துக்கு இறங்கிவிடுகிறார். அவர் மகள் கல்யாணத்துக்கு ஜெர்மன் நண்பர் வந்தபோது யாரும் இப்படி ஜாமீன் கேட்கவில்லை.

மறுப்பு வந்தால் அதற்கென்று அச்சடித்த தாள் இருக்கிறது. விசாக் காலம் முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருப்பதாக ஒரு வரி, அதற்கு எதிரே ஒரு குறி. 2024இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் நாடுகளுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. சுமார் 15 விழுக்காடு மறுக்கப்பட்டன. முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்துக்கே கடிதம் எழுதி, மறுபடி பாருங்கள் என்று கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழியும் இல்லை. மீண்டும் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் உள்ள நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். கல்யாணம் அதுவரை காத்திருக்காது.

ஒருவர் ஊருக்குத் திரும்புவார் என்பதற்கு விசா அதிகாரிகள் தேடும் அடையாளம் நிரந்தர வேலை, சேமிப்பு, சொத்து. கலவைக்காரரைத் திரும்ப இழுப்பது எது? நிலம் இருக்கிறது, ஆனால் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக. சேமிப்பு இருக்கிறது, ஆனால் மனைவியின் கழுத்திலும் சீட்டுப் பணத்திலும். படுக்கையில் அம்மா இருக்கிறார். ஆடித் திருவிழாவில் அவர்கள் வகையறா செய்ய வேண்டிய முறை இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட வங்கிக் கணக்கு அச்சில் ஏறாது. எங்கள் பக்கத்து மனிதரை ஊரோடு கட்டிப்போடும் எல்லாமே விசா அதிகாரியின் மேசைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம் கொடுக்கப்பட்டிருக்கும் அளவுகோல், மாதச் சம்பளம் வாங்கி வாடகை வீட்டில் தனியாக வாழும் மனிதனை அளக்கவென்று செய்தது.

இனி கல்யாணங்களுக்கு வருவோம். ஜெர்மன் கல்யாணத்தில் ஆட்கள் எண்ணப்பட்டிருப்பார்கள். வருவீர்களா இல்லையா என்று குறிப்பிட்ட நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். மேசையில் உங்கள் பெயர் எழுதிய அட்டை இருக்கும். பல இடங்களில் முதல் நாள் மாலை பீங்கான் தட்டுகளைப் போட்டு உடைப்பார்கள். உடைந்ததை மணமக்கள் சேர்ந்து பெருக்க வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு வெளியே ஒரு மரத்துண்டை வைத்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தைப் பிடித்து அறுப்பதும் உண்டு. இதைக் கேள்விப்படும் எங்கள் ஊர்க்காரருக்கு அரசாணிக்கால் நடுவதும் நலங்கும் ஞாபகம் வரும். விளையாட்டும் வேண்டுதலும் கலந்து ஒரு ஜோடியை வாழ்க்கைக்குள் இறக்கிவிடும் ஆசை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

கலவைக் கல்யாணத்தில் யாரும் ஆளை எண்ணுவதில்லை. வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்கும்போது ‘குடும்பத்தோட வந்துடுங்க’ என்று சொல்வார்கள். நான்கு பேர் வரலாம், பதினான்கு பேரும் வரலாம். மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ நிக்காஹ் என்றால் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் வந்தவருக்கெல்லாம் உண்டு. ஆகவே எங்கள் ஊரில் ஒருவர் வராமல் போனால் நாற்காலி காலியாகத் தெரியாது. ஜெர்மனியில் தெரியும். கலவைக்காரரின் பெயர் அட்டைக்கு முன்னால் தட்டு வைத்திருப்பார்கள், அவர் இருக்கமாட்டார். வராமை பளிச்சென்று தெரியும் அந்த ஊருக்குத்தான் எங்கள் ஆள் போக முடிவதில்லை.

எங்கள் கணக்கு வேறொரு இடத்தில் உறுத்தும். மண்டப வாசலில் மொய் எழுத ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் ஏறும். எனக்கு வந்து செய்தவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் நான் போய்ச் செய்ய வேண்டும். தொகை கூடக்குறைய இருக்கலாம், போகாமல் இருக்கக் கூடாது. அந்த நோட்டில், கலவைக்கும் மாம்பாக்கத்துக்கும் திமிரிக்கும் நடுவே, ஜெர்மன் நண்பரின் பெயரும் அவருடைய ஊரும் தமிழில் எழுதப்பட்டிருக்கும். மற்ற எல்லாப் பெயருக்கும் நேராகக் கணக்கு ஒருநாள் தீரும். அந்த ஒரு பெயருக்கு மட்டும் தீராது. பணத்தை அனுப்பிவிடலாம், பரிசைக் கூரியரில் போடலாம். நேரில் போகாமல் அனுப்பும் மொய்யை எங்கள் பக்கத்தில் யாரும் முழு மொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குடும்பத்துக்கு இது வெறும் பயணத்தடை இல்லை, மானக்கேடு.

எல்லா நாடும் இப்படி இல்லை. பழைய வடஆற்காட்டிலிருந்து ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பலைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் இன்றும் உண்டு. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களிடம் 30 நாள் வரை விசா கேட்பதில்லை. வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட்டு விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். பிரிட்டனுக்கும் 1986 வரை இந்தியர் முன்கூட்டி விசா வாங்காமலே பார்வையாளராகப் போக முடிந்தது. ஆக, இப்போதிருக்கும் கெடுபிடி இயற்கையின் விதி அல்ல. எங்கள் காலத்தில் யாரோ எடுத்த முடிவு, மாற்றக்கூடிய முடிவு.

ஓரளவு மாறியும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகை கொண்டுவந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு, பலமுறை போய்வரும்படியான இரண்டு வருட விசா தரலாம். அடுத்து ஐந்து வருடத்துக்கும் தரலாம். ஒருமுறை போய்த் திரும்பியவரின் சொல்லுக்கு மதிப்பு வந்துவிடுகிறது. கடினம் முதல் பயணத்தில்தான்.

அதனால் எங்கள் பக்கத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் விண்ணப்பத்தை நண்பர் மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்காதீர்கள். அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே, தவறினாலும் மனம் உடையாத ஒரு காரணத்துக்கு, அவருடைய பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கைப் பிரித்துத் தனிப் பட்டா வாங்கப் பாருங்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொல்லுங்கள். உங்கள் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்தபோது எடுத்த படங்களையும், மொய் நோட்டில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தின் நகலையும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். கேட்டிருக்கமாட்டார்கள், இருந்தாலும் வையுங்கள்.