ஹகமும் காஜியும்: ஸுல்ஹின் எல்லை குறித்து

கணவன் மனைவியரிடையே பிளவு நேரும் என்று அஞ்சினால், அவன் குடும்பத்தாரில் ஒருவரையும் அவள் குடும்பத்தாரில் ஒருவரையும் நடுவராக அனுப்புமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 35ஆம் வசனம் பணிக்கிறது. வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய நம் தோல் தொழில் ஊர்களில், குடும்ப வழக்கொன்று மஹல்லா ஜமாஅத்தின் முன் வரும்போது எடுத்துரைக்கப்படுவது இவ்வசனமே. ஆனால் அந்நடுவர்களின் அதிகாரம் எதுவரை செல்லும்? இதைத் தெளிந்துகொள்ளாமல் ஜமாஅத்தை நாடுவோர் அதனால் இயலாததை எதிர்பார்த்து ஏமாறுகின்றனர். அது தரக் கடமைப்பட்டதையோ கேட்காமலே திரும்பிவிடுகின்றனர்.

அலீ (ரலி) அவர்களின் சபைக்கு ஒரு தம்பதியர் தத்தம் கூட்டத்தாருடன் வந்த நிகழ்ச்சி தஃப்ஸீர் நூல்களில் பிரசித்தமானது. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு ஹகமை நியமித்த அலீ (ரலி), சேர்த்து வைப்பதும் பிரித்து விடுவதும் அவர்கள் பொறுப்பு என்றார்கள். இறைவேதத்தின் தீர்வு தனக்குச் சாதகமானாலும் பாதகமானாலும் ஏற்பதாக அப்பெண் கூறினாள். கணவனோ, பிரிவினைக்கு மட்டும் உடன்பட மறுத்தான். அவளைப் போன்று அவனும் ஒப்புக்கொள்ளாத வரை விடமுடியாது என்று அலீ (ரலி) கண்டித்தார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே இமாம்கள் இரு வேறு முடிவுகளுக்கு வந்தனர். நடுவர்கள் நீதிபதிகளைப் போன்றோர், தம்பதியரின் அனுமதியின்றியும் பிரிக்கலாம் என்பது மாலிக்கீ மத்ஹப். ஹனஃபீ அறிஞர்களோ, நடுவர்களுக்குத் தாமாகவே அதிகாரம் இருந்திருப்பின் கணவனின் ஒப்புதலை அலீ (ரலி) ஏன் வற்புறுத்த வேண்டும் என்று வினவினர். அவர்கள் கருத்தில் ஹகம் ஒரு வக்கீல் மட்டுமே. அனுப்பியவர் அளித்த அதிகாரத்துக்கு மேல் அவருக்கு ஒன்றுமில்லை. நம் பகுதியினர் பெரும்பாலோர் ஹனஃபீக்கள் என்பதால், இக்கருத்தே நம் ஜமாஅத்துகளைக் கட்டுப்படுத்த வேண்டியது.

பரீரா (ரலி) அவர்களின் வரலாறு இதனினும் தெளிவானது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அவர் தம் கணவர் முகீஸை விட்டு விலகியபோது, மீண்டும் சேரக்கூடாதா என்று நபி (ஸல்) அவர்களே கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவ, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். நபியின் பரிந்துரையையே மறுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு இருந்ததெனில், முத்தவல்லியின் பரிந்துரை எம்மாத்திரம்!

ஆங்கிலேயர் ஆட்சியில் காஜி பதவியும் சுருங்கியது. அரசே காஜிகளை நியமித்து வந்த முறையை 1864ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. அதனால் நிக்காஹ் முதலிய காரியங்களில் இடர்ப்பாடு நேரவே, ஸர் ஸையித் அஹ்மத் கான் முன்னின்று 1880இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. அது முதற்கண் சென்னை மாகாணத்துக்கே உரியதாக இருந்தது. நியமனம் மீண்டும் வந்ததே தவிர, காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு அறுதியிட்டது. ஆகவே 2014இல் ஃபத்வா எவரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமும், 2017இல் காஜி வழங்கும் தலாக் சான்றிதழ் கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியபோது எழுந்த அதிர்ச்சிக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. மாறாக, 2002ஆம் ஆண்டு ஷமீம் ஆரா வழக்கில், தலாக்குக்கு முன் இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சி அவசியம் என்று அதே உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நமது வசனத்தை நமக்கே நினைவூட்டிய தீர்ப்பு அது.

இனி நம் ஊர் நடப்புக்கு வருவோம். இங்கே தோல் தொழிற்சாலை உரிமையாளரே பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பது புதிதன்று. அவர் முன் நிற்கும் கணவன் அவரிடமே கூலி பெறுபவனாக இருக்கலாம். மனைவியின் தந்தை அவரிடம் கடன்பட்டவராக இருக்கலாம். அங்கே வாய் திறவாமை சம்மதமாகாது. பெண்ணின் சார்பாக அவள் தந்தையோ சகோதரனோ பேச, அவள் வீட்டிலேயே இருத்தப்படுவது மற்றொரு குறை. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியபோது ஆலிம்களில் பலர் சினந்தனர். தனிப் பள்ளிவாசல் எனும் அவரது திட்டத்தில் எனக்கும் உடன்பாடில்லை. ஆயினும் பெண்ணின் வழக்கு பெண் இல்லாமலே விசாரிக்கப்படுகிறது என்ற அவரது முறையீட்டுக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. அலீ (ரலி) அவர்களின் சபையில் முதலில் ஒப்புதல் தந்தவள் அப்பெண் அல்லவா!

2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் சமுதாய சமரசத்துக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, இரு தரப்பின் முன் சம்மதத்தையும் மூவர் அடங்கிய குழுவையும் கோருகிறது. அவ்வாறு எட்டப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போல் நிறைவேற்றத்தக்கதன்று என்பதும் அதில் உள்ளது. ஹனஃபீ ஃபிக்ஹிலிருந்து இது வெகு தொலைவில் இல்லை.

எனவே ஜமாஅத்துக்குச் செல்லும் பெண் தன் ஹகமைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். அவரது அதிகாரம் சேர்த்து வைப்பதற்கு மட்டுமா, பிரிப்பதற்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் தர வேண்டும். மஹர், நகை, குழந்தைகளின் செலவு பற்றிய முடிவுகள் இருவர் கையொப்பத்துடன் பதிவேட்டில் ஏறி, நகல் அவள் கைக்கு வரவேண்டும். உடலுக்கோ உயிருக்கோ அச்சமுள்ள இடத்தில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தை அவள் நாடுவதைத் தடுக்க ஜமாஅத்துக்கு உரிமையில்லை; ஊர்விலக்கு என்று மிரட்டவும் உரிமையில்லை.