தூரமும் வருகையும்: பெருந்தொற்றுக் காலத்தில் இந்திய நாடாளுமன்ற நடைமுறை

1. பொருளும் நோக்கும்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அமைந்த புசா ரோடு, புதுதில்லி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அங்கிருந்து நாடாளுமன்றம் ஏறத்தாழ 6 கி.மீ. கன்னியாகுமரித் தொகுதியிலிருந்தோ 2,500 கி.மீ.க்கு மேல். சாதாரண நாளில் இந்த வேறுபாட்டுக்கு அரசியல் பொருள் இல்லை. விமானமும் ரயிலும் அதைச் சரிக்கட்டிவிடும். 2020 மார்ச் இறுதியில் பயணிகள் விமானமும் ரயிலும் நின்றபோது, நேரில் வந்தால்தான் அவைப்பணி என்ற விதி தொகுதிக்குத் தொகுதி வேறு வேறாக அழுத்தியது.

கோவிட் காலத்தில் நமது நாடாளுமன்றம் தன் அலுவலை எவ்வாறு அமைத்துக்கொண்டது, தொலைவிலிருந்து இயங்கும் வழியை ஏன் எடுக்கவில்லை, அதனால் எது குறைந்தது என்ற மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய நாடாளுமன்றம் உறுப்பினர்களைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்தது. தொலைவிலிருந்து பேச விடவில்லை. அந்த ஏற்பாட்டில் சட்டமியற்றும் பணி தப்பியது. அரசைக் கேள்வி கேட்கும் பணி சுருங்கியது.

2. அரசமைப்பு வகுத்த எல்லைகள்

2.1 காலம். 85-ஆம் பிரிவின்படி ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்ததன் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் கடந்துவிடக் கூடாது. மாநிலங்களுக்கு 174-ஆம் பிரிவு இதையே சொல்கிறது. ஏப்ரல் 3 வரை நடக்கவிருந்த பட்ஜெட் தொடர் 2020 மார்ச் 23 அன்றே முடிக்கப்பட்டது. நிதி மசோதா அன்று மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. ஆகவே செப்டம்பர் 23-க்குள் அவைகள் கூடியாக வேண்டும். மழைக்காலத் தொடர் செப்டம்பர் 14-இல் தொடங்கியதற்கு இந்தக் கெடு முக்கியமான காரணம்.

2.2 இடம். அதே 85-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் தமக்குத் தக்கதாகத் தோன்றும் நேரத்திலும் இடத்திலும் அவையைக் கூட்டலாம் என்கிறது. இன்ன கட்டடத்தில்தான் என்ற கட்டாயம் அதில் இல்லை.

2.3 வருகை. 100-ஆம் பிரிவு வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் முடிவெடுக்கச் சொல்கிறது. குறைவெண்ணாக மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. தொலைவிலிருந்து வாக்களிப்பதற்கு எதிரான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் வாக்கெடுப்பைப் பற்றியது. கேள்வி கேட்பதற்கும் சாட்சியம் பெறுவதற்கும் அது அப்படியே பொருந்தாது. அலுவல் நடத்தும் விதிகளை வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை 118-ஆம் பிரிவு அந்தந்த அவைக்கே தந்திருக்கிறது.

3. பரவி அமர்ந்த அவை

செப்டம்பர் ஏற்பாடு பொறியியல் நோக்கில் கச்சிதமானது. இரு அவைகளும் இரண்டு ஷிப்டாக இயங்கின. முதல் நாள் நீங்கலாக மாநிலங்களவை காலை 9 முதல் பிற்பகல் 1 வரை, மக்களவை 3 முதல் 7 வரை. ஒரு அவை நடக்கும்போது அதன் உறுப்பினர்கள் இரு மண்டபங்களிலும் பார்வையாளர் மாடங்களிலும் பிரிந்து அமர்ந்தார்கள். மண்டபங்களை ஒலி, ஒளிக் கம்பிகள் இணைத்தன. மாடங்களில் திரைகள் வைக்கப்பட்டன. எழுந்து பேசும் மரபு தளர்த்தப்பட்டு உட்கார்ந்தே பேச அனுமதி கிடைத்தது. மக்களவையில் வருகைப் பதிவேடு கைபேசிச் செயலிக்கு மாறியது.

மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் மக்களவை மண்டபத்தில் அமர்ந்து, தம் அவைத் தலைவரைத் திரையில் பார்த்துப் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கும் தலைவருக்கும் இடையில் இருந்தது கம்பிதான். ஒரே வளாகத்துக்குள் என்றால் கம்பிவழிப் பங்கேற்பு செல்லும். வளாகத்துக்கு வெளியே என்றால் செல்லாது என்பதே நடைமுறையில் வகுக்கப்பட்ட கோடு.

இந்தக் கோடு நோயைத் தடுத்துவிடவில்லை. கூட்டத்தொடரையொட்டி நடந்த பரிசோதனையில் பல உறுப்பினர்களுக்குத் தொற்று உறுதியானது. அக்டோபர் 1 வரை திட்டமிட்ட தொடர் செப்டம்பர் 23-இலேயே முடிந்தது. அன்றைய தினமே ரயில்வே இணையமைச்சர் சுரேஷ் அங்கடி கோவிட்டால் காலமானார். குளிர்காலத் தொடர் நடைபெறவே இல்லை. அவைகள் மீண்டும் கூடியது 2021 ஜனவரி 29-இல்.

4. சுருங்கியது எது?

4.1 கேள்வி நேரம். மழைக்காலத் தொடரில் கேள்வி நேரம் இல்லை. தனிநபர் அலுவலும் இல்லை. நேரமில்லா நேரம் அரை மணியாகக் குறைந்தது. எதிர்ப்பு எழுந்தபின், நட்சத்திரக் குறியிடாத வினாக்களுக்கு எழுத்தில் விடை தர ஒப்புக்கொண்டார்கள்.

எழுத்து விடையால் ஈடுகட்ட முடியாதது எது என்பதற்கு முதல் நாளே சான்று கிடைத்தது. ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர் குறித்த வினாவுக்கு, அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் விடையளித்தது. கேள்வி நேரத்தில் நட்சத்திரக் குறியோடு வந்திருந்தால், அமைச்சர் எழுந்து இதைச் சொன்ன அடுத்த நொடியே துணைக் கேள்வி பாய்ந்திருக்கும்: ஏன் பராமரிக்கவில்லை? மாநிலங்களிடம் கேட்டீர்களா? இழப்பீட்டை எதைக் கொண்டு தீர்மானிப்பீர்கள்? எழுத்து விடையில் அமைச்சர் அந்தத் தாளோடு தப்பிவிடுகிறார். ஒரு கேமராவும் ஒலிவாங்கியும் இருந்தால் துணைக் கேள்வியை எந்த ஊரிலிருந்தும் கேட்டிருக்கலாம்.

4.2 வாக்கெடுப்பு. செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்ணி வாக்கெடுக்கக் கோரியவர்கள் தத்தம் இருக்கையிலிருந்து கோரவில்லை என்பது துணைத் தலைவர் ஹரிவன்ஷ் தரப்பில் சொன்ன காரணம். எதிர்க்கட்சிகள் அதை மறுத்தன. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இரு மண்டபங்களிலும் மாடங்களிலும் சிதறி அமர்ந்த அவையில் குரலை வைத்துப் பெரும்பான்மையை மதிப்பிடுவது கடினம். அந்த ஏற்பாட்டில் எண்ணி வாக்கெடுப்பதே இயல்பான முறையாக இருந்திருக்க வேண்டும்.

5. நிலைக்குழுக்கள்: தூரம் உறுத்திய இடம்

துறைவாரி நிலைக்குழுக்களின் பணி பெரும்பாலும் அதிகாரிகளை அழைத்து விசாரிப்பது, அறிக்கை வரைவது. கட்சிக் கொறடாவின் பிடி அங்கே தளர்ந்திருக்கும். தொலைவிலிருந்து நடத்த மிகவும் தோதானவை இவையே. சசி தரூர் உள்ளிட்ட குழுத் தலைவர்கள் 2020-லேயே காணொலிக் கூட்டம் கோரினார்கள். மறுப்புக்கு ஆதாரமாக இருந்தவை மக்களவையின் அலுவல் நடத்தும் விதிகளில் இரண்டு: ஒன்று, குழு அமர்வு மூடிய அறையில் நடக்க வேண்டும்; மற்றொன்று, நாடாளுமன்ற வளாகத்துக்குள் நடக்க வேண்டும், வெளியே நடத்துவதானால் சபாநாயகர் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது விதியே சபாநாயகருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இரகசியம் பற்றிய முதல் கவலை நியாயமானது. வீட்டில் அமர்ந்த உறுப்பினரின் அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைத் தலைவரால் பார்க்க முடியாது. ஆனால் பாதுகாப்பு போன்ற சில பொருள்களைத் தவிர்த்தால், சுகாதாரம், கல்வி, தொழிலாளர் நலன் பற்றிய விசாரணையில் அந்த அளவு இரகசியம் எதற்கு? உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 6-இல் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்திக் காணொலி விசாரணைக்கு நெறிமுறை வகுத்துவிட்டது.

குழுக்கள் ஜூலையில் நேரிலேயே கூடின. புதுதில்லி உறுப்பினருக்கு அது காரில் ஏறி இறங்கும் வேலை. தெற்கிலும் வடகிழக்கிலும் இருந்த பலருக்கு, குறைந்த விமானங்கள், தனிமைப்படுத்தல் விதிகள், தொகுதியில் காத்திருக்கும் நிவாரணப் பணி ஆகியவற்றைத் தாண்டியாக வேண்டும். புசா ரோட்டு வாக்காளருக்கும் கன்னியாகுமரி வாக்காளருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு உண்டு. அந்தச் சில மாதங்கள் குழு அறையில் அவர்களது குரலுக்கு ஒரே மதிப்பு இருக்கவில்லை.

இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கே காணொலிக் கூட்டக் கோரிக்கையை மீண்டும் வைத்தார். விதியை அவைதான் திருத்த வேண்டும் என்ற பதிலே நிலைத்தது. இடையில் இரண்டு கூட்டத்தொடர்கள் நடந்திருந்தன, திருத்தம் வரவில்லை.

6. ஒப்பீடு

6.1 தமிழ்நாடும் புதுச்சேரியும். தமிழகச் சட்டமன்றம் 2020 செப்டம்பர் 14 முதல் மூன்று நாள் கலைவாணர் அரங்கில் கூடியது. 1952-இல் பேரவை இயங்கிய வளாகமே அது. 2021 ஆகஸ்ட் 13-இல் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் காகிதமில்லா பட்ஜெட்டை வாசித்ததும் அங்கேதான். உறுப்பினர் மேசைகளில் கணினிகள் இருந்தன. புதுச்சேரியில் உறுப்பினர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், 2020 ஜூலை 25 அன்று பேரவை வளாகத்து வேப்பமர நிழலில் கூட்டம் நடந்தது. இடம் நெகிழக்கூடியது என்பதை இவ்விரு அவைகளும் காட்டின. நேர்வருகையை மட்டும் அவையும் விடவில்லை.

6.2 இலங்கை. 2020 மார்ச் 2-இல் கலைக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றம் ஆகஸ்ட் 20-இல்தான் மீண்டும் கூடியது. பழைய நாடாளுமன்றத்தைத் திரும்ப அழைக்க ஜனாதிபதி முன்வரவில்லை. நிதிச் செலவும் ஊரடங்கும் அவையின் மேற்பார்வையின்றி நடந்தன.

6.3 பிற நாடுகள். பிரேசில் செனட் மார்ச் 20-இலேயே தொலைவழி அமர்வில் வாக்களித்தது. பிரிட்டன் மக்களவை ஏப்ரலில் சுமார் 50 பேர் அவையிலும் 120 பேர் வரை காணொலியிலும் இருக்க வழிசெய்தது. அந்தக் கலப்பு முறையில் முதலில் நடந்தவற்றுள் கேள்வி நேரமும் ஒன்று. தொலைவழி வாக்களிப்பு மே மாதம் வந்து, அரசின் பிடிவாதத்தால் ஜூனில் நின்றது. பிரிட்டனின் வரிசை இதுதான்: பேச்சும் கேள்வியும் முதலில், வாக்கு பிறகு. இங்கே கேள்வியைத்தான் முதலில் நிறுத்தினார்கள்.

7. முடிவுகள்

(அ) அவைப்பணியை ஒரே கட்டாகப் பார்த்ததே தவறு. விசாரணை, கேள்வி, விவாதம், வாக்கு ஆகிய நான்குக்கும் நேர்வருகையின் தேவை வேறு வேறு அளவில் உள்ளது.

(ஆ) குழு விசாரணைக்கும் துணைக் கேள்விக்கும் காணொலிப் பங்கேற்பை 118-ஆம் பிரிவின் கீழ் விதித் திருத்தத்தாலேயே அனுமதிக்கலாம். இரகசியம் தேவைப்படும் பொருள்களைக் குழுத் தலைவர் விலக்கிவைக்கட்டும்.

(இ) வாக்கெடுப்பு நேரில் நடப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பு. அவை பிரிந்து அமரும் நாளில் ஓர் உறுப்பினர் கேட்டாலும் எண்ணி வாக்கெடுப்பது கட்டாயமாக வேண்டும்.

(ஈ) இந்த விதிகளை நோயில்லாத காலத்தில் இயற்ற வேண்டும். நெருக்கடி வந்தபின் எந்த அலுவல் தொடரும், எது நிற்கும் என்பதைப் பெரும்பான்மை வைத்திருப்பவரே முடிவு செய்வார். அவர் தம்மைக் கேள்வி கேட்கும் நேரத்தை முதலில் காப்பாற்றுவார் என்று எதிர்பார்க்க 2020 எந்த ஆதாரமும் தரவில்லை.