வர்ணமும் காலமும்

நிலக்காட்சிப் புகைப்படத்தில் கறுப்பு வெள்ளையே கலை, வர்ணம் விளம்பரக்காரர்களுடையது என்ற பிடிவாதம் வெகுகாலம் இருந்தது. எலியட் போர்ட்டர் அதை ஏற்கவில்லை. மருத்துவம் படித்து, ஆராய்ச்சியை விட்டுக் காமிராவுக்கு வந்தவர். அமெரிக்க வடகிழக்குக் காடுகளைப் பருவம் பருவமாக வர்ணத்தில் எடுத்தார்; தோரோவின் வரிகளோடு 1962இல் அது நூலாயிற்று. இலை பழுப்பதைக் கறுப்பு வெள்ளை எப்படிச் சொல்லும்? அங்கே வர்ணம்தான் காலம்.

1963இல் அடுத்த நூல், கொலராடோ நதியின் கிளென் கான்யன் பற்றி. அதே ஆண்டு அணையின் கதவுகள் மூடப்பட்டன. அவர் படமெடுத்த பள்ளத்தாக்கு மூழ்கத் தொடங்கியது. இலையுதிர்த்த மரம் மறுவருஷம் துளிர்க்கும். பள்ளத்தாக்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இரண்டு நூல்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் முதல் நூலின் நிதானம் எதை நம்பியிருந்தது என்பது எனக்குப் புரிகிறது: மரம் அங்கேயே நிற்கும் என்பதை.