திருவாசி இல்லாத நடராஜர்

திருவாலங்காட்டு நடராஜர் என்று உலகக் கலைப் புத்தகங்கள் சொல்லும் சிற்பம் திருவாலங்காட்டில் இல்லை. எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. திருமழிசையில் குடியிருக்கும் எனக்கு மேற்கே ஊர், கிழக்கே சிற்பம். ஐந்து சபைகளில் ரத்தினசபையான அந்த ஊர்க் கோயிலில் பிரசித்தம் ஊர்த்துவ தாண்டவம். எழும்பூரில் இருப்பது ஆனந்த தாண்டவம். கோயில் எதற்குப் பேர்போனதோ அதுவல்லாத ஓர் ஆட்டம் ஊரின் பெயரைப் பாரிஸ் வரை கொண்டுபோயிற்று.

மியூசியத்துக்கு அந்த நாள் சென்னைவாசி வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. கேலி என்று தள்ள முடியவில்லை. 1851-இல் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டரின் பொறுப்பில் தொடங்கியபோது அங்கிருந்தவை பெரும்பாலும் கற்கள்: சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1100 பாறை மாதிரிகள். 1854-இல் பாந்தியனுக்கு வந்தது. அமராவதிப் பளிங்கு வந்தது, பாடம் பண்ணிய பறவைகள் வந்தன. 1878-இன் புதையல் சட்டத்துக்குப் பிறகு, ஏர்முனையில் தட்டுப்பட்ட தெய்வங்கள் கலெக்டர் கச்சேரி வழியாக வந்து சேர்ந்தன. 1932-இல் உலோகப் படிமங்களுக்குப் பட்டியல் செய்தவர் இருவர், டி.என். ராமச்சந்திரன் ஒருவர். மற்றவர் கிரேவ்லி, சிலந்திகளை ஆராய்ந்த விலங்கியல்காரர். சிலந்திக்குக் கால் பார்த்த கண் சிவனுக்கு அணிகலன் பார்த்தது. இதில் எனக்கு வருத்தமில்லை. நம்மவர் பரவசத்தைவிட அந்தப் பொறுமை சிற்பத்துக்கு அதிகம் செய்திருக்கிறது.

கோயிலில் நாம் உற்சவரைப் பார்ப்பதில்லை, சேவிக்கிறோம். பட்டும் மாலையும் போக முகம் மிஞ்சும். ஸ்தபதி வார்த்த முதுகு, இடுப்பின் திருகல், தூக்கிய பாதத்தின் அடிப்புறம் எல்லாம் அர்ச்சகருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். தெய்வத்தின் துணியைக் களைந்து, அபிஷேகத்தை நிறுத்தி, பீடத்தில் நம்பர் போட்டபிறகுதான் ரூபம் என்ற ஒன்று பொதுவில் பார்க்கக் கிடைத்தது. இழப்புதான், ஆனாலும் வேறு வழியில் கிடைத்திராத லாபம்.

அந்த லாபத்தை முதலில் எடுத்துக்கொண்டவர் சென்னைக்கு வராத ஒருவர். கோலூபேவ் என்ற ருஷ்யரிடமிருந்த எழும்பூர் வெண்கலங்களின் புகைப்படங்களைப் பார்த்து 1913-இல் ரோதான் எழுதினார். அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1921-இல், பாரிஸில் அச்சேறியது. ரோதானுக்குச் சைவ சித்தாந்தம் தெரியாது. உதடு, கண், கால், நிழல் என்று உடம்பைப் பற்றியே பேசுகிறார். அதே தொகுப்பில் ஆனந்த குமாரசாமியும் உண்டு. சிவ நடனத்தைப் பற்றி 1912-இலேயே 'சித்தாந்த தீபிகை'யில் எழுதியவர் அவர். உடுக்கை படைப்பு, தீ அழிவு, திருவாசி ஓங்காரம் என்று நூலாதாரத்தோடு நிறுவினார். அவரை இகழ்வது என் நோக்கமல்ல. ஆனால் அவருக்குப் பின் தமிழில் நடராஜரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அவருடைய அர்த்தங்களை ஒப்பிக்கிறார்கள். சிற்பத்தின் முன் போய் நின்றதற்கு அவர்கள் பக்கங்களில் அடையாளமில்லை. கவிதைக்கும் இதையே செய்கிறோம்: கருத்தைச் சொல்லிவிட்டால் வரியைப் படித்தாயிற்று.

திருவாலங்காட்டுப் படிமத்துக்குத் திருவாசி இல்லை. பறக்கும் சடையும் இல்லை. குமாரசாமியின் விளக்கத்தில் பாதிக்கு அங்கே ஆதாரப் பொருளே கிடையாது. சட்டமில்லாத வெளியில் நாலு கைகள் தாமே எல்லை வகுத்துக்கொள்கின்றன. எடை முழுவதும் ஒரு முழங்காலில் இறங்கி நிற்கிறது. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் உடல் எவ்வளவு ஒடுங்கியது என்று தெரியும்.

அதே ஊரிலிருந்து 1905-இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் 31 செப்பேடுகளும் எழும்பூர்ச் சேகரிப்புதான். சமஸ்கிருதப் பகுதி வம்ச கீர்த்தி பாடுகிறது. தமிழ்ப் பகுதி பழையனூர் என்ற கிராமத்தைக் கோயிலுக்கு விட்ட கணக்கு. பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இரண்டாவது பகுதியின் தமிழ் அந்நியமாக இல்லை. நிலத்தின் எல்லையைத் தவிர வேறெதற்கும் அது கவலைப்படவில்லை.